எண்ணில் எழும் இசை: யாழ் நூலும் தூய அலையாக்கமும்

தமிழர் கைக்கொண்ட இசைக்கருவிகளுள் யாழைப்போலப் புகழ்பெற்றதும், யாழைப்போல முற்றாக மறைந்தொழிந்ததும் பிறிதொன்றில்லை. சங்கச் சான்றோர் போற்றிய பேரியாழும் சீறியாழும், ஆடலரங்கில் ஒலித்த சகோடயாழும், திருஞானசம்பந்தருடன் திருநீலகண்ட யாழ்ப்பாணர் தலந்தோறும் ஏந்திச் சென்ற யாழும் இன்று வழக்கில் இல்லை. கருவி அழிந்தது, அதனைக் கையாண்ட பாணர் குடி மறைந்தது, அதனைக் கேட்ட செவிகளும் மண்ணாயின. எஞ்சி நின்றது எண் ஒன்றே. பேரியாழுக்கு நரம்பு 21, செங்கோட்டியாழுக்கு 7, ஏழிசைக்கும் அலகு 22 என்றவாறு நூலாசிரியரும் உரையாசிரியரும் குறித்து வைத்த எண்கள் ஏட்டிலே தங்கின.

எண் எஞ்சியிருப்பின் இசையும் எஞ்சியிருப்பதாகுமா? ஏட்டில் உள்ள எண்ணைக் கொண்டு, செவி என்றும் கேட்டிராத ஒலியை மீட்டெடுத்தல் கூடுமா? இவ்வினாவுக்குத் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை ஈந்தவர் மட்டக்களப்பு மண்ணிற் பிறந்த விபுலாநந்த அடிகளார். அதே வினாவுக்கு, யாழை அறியாத பொறியியலாளர், வேறொரு தேவையின் பொருட்டு வேறொரு வழியால் விடை கண்டனர். இவ்விரு விடைகளையும் ஒருங்கு வைத்து நோக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வாவியும் அதன் ஒலியும்

இலங்கையின் கீழைக் கரையிலே ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்திற்குக் கிடக்கும் மட்டக்களப்பு வாவி, நீரினுள் எழும் ஓர் ஒலியாற் பெயர் பெற்றது. மீன்பாடும் தேனாடு என இந்நாட்டார் தம் நாட்டைச் சொல்லுதல் அது பற்றியே. முழுநிலா நாளிலே, காற்று ஓய்ந்து அலை அடங்கிய வேளையில், தோணியை நிறுத்தித் துடுப்பின் ஒரு நுனியை நீருள் ஆழ்த்தி மறு நுனியைச் செவியிற் பொருத்திக் கேட்பது வலைஞர் வழக்கம். மரம் ஒலியைத் தாங்கிச் செல்லும் ஆற்றல் உடைத்தென்பதைப் பௌதிக நூல் பயிலாமலே அவர்கள் அறிந்திருந்தனர்.

இலங்கை அரசாங்கத்தின் குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற், 1848ஆம் ஆண்டிலே இவ்வாவியிற் படகேறிச் சென்று இவ்வொலியைக் கேட்டார். 1859இல் வெளிவந்த தமது நூலில் அதனை விரிவாக எழுதினார். ஈரவிரலாற் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்குங்கால் எழும் மெல்லிய நாதத்தோடு அதனை ஒப்பிட்டார். அது நீண்ட ஒற்றைத் தொனியன்று, தனித்தனியே தெளிந்த பல நுண்ணொலிகளின் கூட்டம் என்றுங் குறித்தார். வலைஞர் ஒருவகைச் சிப்பியையே ஒலிக்கும் உயிராகக் காட்டினர் என்றும் எழுதினார். பின்னர், சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில், மட்டக்களப்பில் ஆசிரியப் பணி புரிந்த இயேசு சபைக் குருவானவர் லாங் அடிகளார் நீரினுள் ஒலிவாங்கியை இறக்கி இவ்வொலியைப் பதிவு செய்தார்.

விபுலாநந்த அடிகளாரும் இவ்வொலியைத் தம் ஆராய்ச்சியோடு இயைத்தனர். வாவியினுள் நீரர மகளிர் ஏழிசை எழுப்புவதாகப் பாடிய அவர், அக்கற்பனையை யாழ் நூலுக்குத் தோற்றுவாயாக அமைத்துக் கொண்டார். கவிஞராய் நின்று கேட்டவர், கணித வல்லுநராய் இருந்து ஆராயத் தொடங்கினார்.

அறிவியல் பயின்ற அடிகள்

அடிகளார் 1892ஆம் ஆண்டிலே காரைதீவிற் பிறந்தார். பிள்ளைத் திருநாமம் மயில்வாகனன் என்பது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்து வெளியிட்டதும் அதே 1892ஆம் ஆண்டிலேயே. காரைதீவோ கண்ணகியம்மன் கோயிலாற் சிறப்புற்ற ஊர். எனவே, பின்னாளிலே தாம் ஆராயவிருந்த காப்பியத்தின் தலைவி, அடிகளாருக்குப் பிறந்த ஊரின் தெய்வமாகவே அமைந்திருந்தாள்.

அவர் தமிழ்ப் பண்டிதர் மட்டும் அல்லர் என்பதை நம் மாணவர் நன்கு மனங்கொள்ளல் வேண்டும். மட்டக்களப்பிலே ஆங்கிலக் கல்வி பெற்றார். கொழும்பிலே அறிவியற் பயிற்சி பெற்று 1916இல் விஞ்ஞானப் பட்டயச் சான்றிதழைப் பெற்றார். அவ்வாண்டிலேயே மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் தேர்விலும் தேறினார். யாழ்ப்பாணத்திலே அறிவியலாசிரியராயிருந்தார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரியாகி, மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார். 1924இல் இராமகிருஷ்ண சபையிலே துறவு பூண்டார். 1929இல் கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்தார்.

யாழ் நூல் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாக வந்து, 1947ஆம் ஆண்டு ஆனித் திங்களிலே திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. அடிகளாரின் கணிப்பின்வழி அமைந்த யாழ்க் கருவிகளும் அவ்விழாவில் இடம்பெற்றன. அரங்கேற்றம் நிகழ்ந்து ஏழு வாரங்கள் நிரம்புமுன், 1947 யூலை 19ஆம் நாள், அடிகளார் கொழும்பிலே இறையடி எய்தினார். நூல் முடிந்தது, ஆயின் நூல் எழுப்பிய வினாக்களைக் கருவிகொண்டு சோதிக்கும் பணி பின்வந்தோருக்கென விடப்பட்டது.

இருபத்திரண்டு அலகு

அவ்வினாக்களுள் தலையாயது அலகு பற்றியது. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழிசைக்கும் முறையே 4, 4, 3, 2, 4, 3, 2 எனச் சிலப்பதிகாரத்தின்வழி அறியப்படும் அலகுகளைக் கூட்டின் 22 ஆகும். ஆயின் ஓர் அலகென்பது எவ்வளவு? நீளத்தை அளக்க முழக்கோல் உண்டு. நிறையை அளக்கத் துலாக்கோல் உண்டு. இசையை அளப்பது எங்ஙனம்?

நரம்பு செக்கனுக்கு எத்தனை முறை அதிர்கின்றது என்பதே சுருதியைத் தீர்மானிக்கின்றது. இதனை மீடிறன் என்பர். இழுவை மாறாதிருக்க, நரம்பின் நீளத்தைப் பாதியாக்கின் மீடிறன் இரட்டிக்கும். மூன்றில் இரண்டாக்கின் ஒன்றரை மடங்காகும். முன்னையது குரலினின்று மேற்குரல். பின்னையது குரலினின்று இளி. ஆதலின் இசைக்கு அளவு கூட்டலன்று, பெருக்கல், அலகுகள் பின்னங்களாகும்.

4 அலகினை 9/8 என்றும், 3 அலகினை 10/9 என்றும், 2 அலகினை 16/15 என்றும் கொள்வோமாக. குரலின் மீடிறன் 240 ஆயின் துத்தம் 270, கைக்கிளை 300, உழை 320, இளி 360, விளரி 400, தாரம் 426 2/3, மேற்குரல் 480 என வரும். தாரத்திலிருந்து 4 அலகு ஏறி மேற்குரலை அடைய, வட்டம் பிசகின்றி நிரம்புகின்றது. இன்றைய இசையறிஞர் பலர் செம்பாலையை அரிகாம்போதி என்பர். மேற்காட்டிய எண்கள் அவ்விராகத்தின் சுரங்களே. வெறும் ஏழு எண்களிலிருந்து ஒரு முழு இராகம் எழுதல் வியத்தற்குரியது.

எனினும் அறிஞர் அனைவரும் இதற்கு உடன்பட்டாரல்லர். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலிலே, தமிழிசைக்கு அலகு 24 என்றும், அவை யாவும் தம்முள் ஒத்தவை என்றும் நிறுவ முயன்றார். அவர் கொள்கையின்படி இளி 360 அன்று, 359.59 ஆகும். வேறுபாடு செக்கனுக்கு 0.41 அதிர்வே. இவ்வளவு நுண்ணிய வேறுபாட்டின் மேலே தமிழிசை வரலாற்றின் பெரிய வழக்கொன்று நிற்கின்றது. வாதத்தால் மட்டும் இதனைத் தீர்த்தல் அரிது. செவிக்குமுன் இரண்டையும் எழுப்பிக் காட்டும் அளவுகோல் வேண்டும்.

அளவுகோல் தேடிய வரலாறு

அத்தகைய அளவுகோலைத் தேடும் முயற்சி மேனாட்டிலே நெடிது நடந்தது. 1711இல் யோன் சோர் என்னும் ஆங்கிலேய இசைவாணர் இசைக்கவையை அமைத்தார். அதன் ஒலி தூய்மை வாய்ந்தது. ஆயின் ஒரு கவை ஒரு சுருதியையே தரும். 1819இல் கஞ்ஞார் த லா தூர் என்னும் பிரெஞ்சு அறிஞர் துளைத்தட்டுக் கருவியை அமைத்தார். துளையிட்ட வட்டத் தகடு சுழல, துளைகளூடே காற்று விட்டுவிட்டுப் பாய்ந்து ஒலி எழுப்பும். துளைகளின் தொகையைச் செக்கனுக்கான சுழற்சித் தொகையாற் பெருக்கின் மீடிறன் கிடைக்கும். எண்ணிக்கையால் நேரே சுருதியைக் கணிக்க இயன்றமை இக்கருவியின் சிறப்பாகும். ஆயின் அதன் ஒலி கரகரத்தது.

ஒலியின் கரகரப்புக்குக் காரணத்தைச் செர்மானிய அறிஞர் எல்மோற்சு 1863இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். ஒரு நரம்பை மீட்டும்போது 240 என்னும் அடித்தொனி மட்டும் எழுவதில்லை. 480, 720, 960 என்னும் மேற்றொனிகளும் உடன் எழுகின்றன. யாழுக்கும் குழலுக்கும் ஒரே சுருதியிலும் ஒலி வேறுபடுதற்கு இம்மேற்றொனிகளின் வன்மை வேறுபாடே முதன்மையான காரணம். மேற்றொனி கலவாத ஒற்றை அதிர்வே தூய அலை. அதன் வடிவம் கணித நூலார் கூறும் சைன் வளையி.

பின்னர் மின்னியற் காலம் பிறந்தது. வெற்றிடக் குழாய்களைக் கொண்டு அதிர்வுகளை ஆக்கும் அலையங்கள் தோன்றின. 1939இல் இயூலெற் அமைத்த அலையம், ஒரு சிறு மின்குமிழின் உதவியால் வீச்சத்தை நிலைநிறுத்தித் தூய்மை மிக்க அலையை எளிய முறையில் தந்தது. ஆயினும் தடையும் கொள்ளளவியும் வெப்பத்தால் மாறுபட, மீடிறனும் மெல்ல வழுவிற்று. ஆயிரத்தில் ஒரு பங்கு வழுவினும் 360 என்னும் இளி 0.36 அளவு பிசகும். நம் வழக்குக்குரிய வேறுபாடோ 0.41. தானே தள்ளாடும் கோலைக் கொண்டு இத்துணை நுண்ணிய நீளத்தை அளத்தல் எங்ஙனம் கூடும்?

எண்ணே அலையாதல்

விடை, அலையை அதிரும் பொருளொன்றால் ஆக்குவதை விடுத்து எண்ணால் ஆக்குவதில் இருந்தது. 1957இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் மக்ஸ் மத்தியூஸ் என்பார் கணினியைக் கொண்டு இசையொலியை ஆக்கினார். 1971இல் மசச்சூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தின் லிங்கன் ஆய்வுகூடத்தைச் சார்ந்த தியேர்னி, இரேடர், கோல்டு என்னும் மூவர், எண்முறையில் மீடிறனை ஆக்கும் கருவியின் அமைப்பை ஒரு கட்டுரையில் வகுத்துரைத்தனர். நேரடி இலக்கமுறை அலையாக்கம் என வழங்குவது இம்முறையே.

இதன் இயல்பை ஓர் உவமையால் விளக்கலாம். ஒரு தேர்ச்சில்லின் விளிம்பிலே சம தூரத்தில் மிகப் பல புள்ளிகளை இட்டு வரிசையாக எண் கொடுப்போமாக. மணியொன்று இடைவிடாது ஒரே சீராக அடிக்கின்றது. அடிக்குந்தோறும் சில்லு குறித்த எண்ணிக்கையான புள்ளிகள் முன்னே நகர்கின்றது. அவ்வெண்ணிக்கையைப் படியெண் என்போம். படியெண் பெரிதாயின் சில்லு விரைந்து சுழலும். சிறிதாயின் மெல்லச் சுழலும். சில்லின் குறித்த இடமொன்று தரையினின்று எவ்வளவு உயரத்தில் நிற்கின்றது என்பதை ஒவ்வோர் அடிக்கும் எழுதிக்கொண்டே வரின், அவ்வுயரங்களின் வரிசை சைன் வளையியாகும்.

கருவியிலே சில்லின் இடத்தில் இருப்பது ஒரு திரட்டி. படியெண்ணை ஒவ்வோர் அடிக்கும் தன்னோடு கூட்டிக்கொண்டே போவது. நிரம்பி வழியின், வழிந்ததை விடுத்துச் சுற்றை மீளத் தொடங்கும். மணியின் இடத்தில் இருப்பது படிகக் கடிகை. உயரத்தைச் சொல்வது நினைவகத்தில் எழுதிய சைன் வாய்பாடு. வாய்பாட்டில் வரும் எண்ணை வேறோர் உறுப்பு மின்னழுத்தமாக மாற்றும். படிபடியாய் எழும் அவ்வழுத்தத்தை ஒரு வடிகட்டி மழமழப்பாக்கும். உறுப்புக்கள் இவ்வளவே, இவற்றுள் படிகக் கடிகையும் வடிகட்டியும் தவிர்ந்தவை யாவும் ஒற்றைச் சில்லினுள் அடங்கிவிட்டன. அனலாக் டிவைசஸ் நிறுவனத்தாரின் ஏடி 9850 என்னும் சில்லு இவ்வகையினது. செக்கனுக்கு 12 1/2 கோடி அடிவரை இயங்கும். திரட்டி 32 துவித இலக்கம் கொண்டது.

கணக்கொன்று செய்து பார்ப்போம். கடிகை செக்கனுக்கு 65,536 முறை அடிப்பதாகவும், திரட்டி 32 துவித இலக்கம் உடையதாகவும் கொள்வோம். சில்லின் புள்ளிகள் 429,49,67,296 ஆகும். அப்போது ஓர் அதிர்வுக்குரிய படியெண் 65,536. குரல் 240க்குப் படியெண் 1,57,28,640. கைக்கிளை 300க்கு 1,96,60,800. இளி 360க்கு 2,35,92,960. இவை எச்சமின்றி அமைவன. 426 2/3 என்னும் தாரத்துக்கு மட்டும் எச்சம் உண்டு. முழுவெண்ணாக்கும்போது நேரும் பிழை செக்கனுக்கு ஓரதிர்வின் 1,96,608இல் ஒரு பங்கு. இப்பிழை ஒரு முழு அதிர்வாகத் திரள இரண்டு நாளுக்கு மேற்பட்ட நேரம் செல்லும்.

இனி, கடிகையே பிசகாதோ எனின், படிகக் கடிகையின் பிசகு பொதுவாகப் பத்து இலட்சத்திற் சில பத்துப் பங்கே ஆகும். பிசகு 50 பங்கெனக் கொள்ளினும் இளி 0.018 அளவே வழுவும், வழக்குக்குரிய 0.41இன் முன் இது பொருட்படுத்தத் தக்கதன்று. அன்றியும் எல்லாச் சுரமும் ஒரே கடிகையினின்று பிறத்தலால், கடிகை பிசகினும் சுரங்களுக்கிடையே உள்ள விகிதம் பிசகாது. இசைக்கு வேண்டுவது விகிதமேயன்றோ?

ஆரியபடரின் வாய்பாடு

இக்கருவியின் உள்ளுறுப்பாகிய சைன் வாய்பாடு நம் நாட்டாருக்குப் புதியதன்று. 499ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஆரியபடீயத்தில், ஆரையை 3,438 எனக்கொண்டு, கால் வட்டத்தை 24 கூறாக்கி, ஒவ்வொன்றுக்கும் உரிய அரைநாணின் வேறுபாட்டை ஆரியபடர் தந்துள்ளார். முதல் எண் 225. கால் வட்டத்துக்கு மட்டும் எழுதினால் எஞ்சிய முக்காலும் அதனைப் புரட்டியும் குறி மாற்றியும் பெறப்படும். இன்றைய சில்லுகள் பலவும் நினைவகத்தைச் சிக்கனப்படுத்தும் பொருட்டு இவ்வாறே கால் வட்டத்தையே சேமிக்கின்றன.

ஆரியபடரின் வாய்பாட்டைச் சில்லினுள் வைத்தால் தூய அலை கிடைக்குமா? உயரத்தைக் குறிக்கும் நுட்பத்தில் குறை அதிகமில்லை. 3,438 என்பது 12 துவித இலக்கம் குறிக்கவல்ல 4,096ஐ அண்மியது. குறை, இடத்தைக் குறிப்பதிலே உள்ளது. முழு வட்டத்துக்கு 96 இடங்களே உள்ளமையால், அலை 96 படிகளாய் ஏறி இறங்கும். அப்படிகள், அடித்தொனியின் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு வன்மையுடைய வேண்டாத தொனிகளைத் தோற்றுவிக்கும். 240 மீடிறனுக்கு அவற்றுள் வன்மை மிக்கவை 22,800, 23,280 என்னும் இடங்களில், மனிதர் செவிக்கு எட்டாத உயரத்தில் விழும். ஆயின் 287ஆம் மேற்றொனி 68,880 ஆகிக் கடிகையின் 65,536ஐக் கடந்து மடிந்து, 3,344 என்னும் இடத்தில், செவிக்குப் புலனாகும் எல்லைக்குள் வந்து விழும். அது 240இன் மடங்குமன்று. எந்தச் சுரத்துக்கும் உறவற்ற அயல் ஒலி.

இக்கறையைக் குறைக்க வழி இரண்டு. வாய்பாட்டை நீட்டுதல் ஒன்று: 96 இடத்தை 1,024 ஆக்கின், படிகளால் எழும் கறை ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகும். இரண்டு எண்களுக்கு இடையே வருவதைக் கணித்துப் பெறுதல் மற்றொன்று: இதற்கும் முன்னோர் வழிகண்டனர். பிரமகுப்தர் 665இல் இயற்றிய கண்டகாத்தியகத்தில் இடைப்பட்ட அரைநாணைக் காணும் நுட்பமான விதியொன்றைத் தந்துள்ளார். வானத்துக் கோள்களின் இயக்கத்தைக் கணிக்க அவர்கள் தேடிய நுட்பமே, இன்று ஒலியின் தூய்மைக்குப் பயன்படுகின்றது.

அளவுகோலைப் பயன்படுத்தும் முறை

தூய்மைக்கு இத்துணை முயற்சி ஏன் என வினவலாம். மீடிறனால் மிக நெருங்கிய இரு தொனிகள் ஒருங்கு ஒலிக்கும்போது, ஒலி விம்மியும் தணிந்தும் அலைவதைக் கேட்கலாம். இதனை அடிப்பு என்பர். செக்கனுக்கு எத்தனை அடிப்போ, அதுவே இரு மீடிறன்களின் வேறுபாடு. ஆர்மோனியத்தின் சமபாக முறையிலே 240இன் மேல் விளரி 403.63 ஆக அமையும். பின்ன முறையில் 400. இரண்டையும் உடன் ஒலிப்பித்தால் செக்கனுக்கு மூன்றரைக்குமேல் அடிப்புக் கேட்கும். தேவாரப் பண்ணுக்கு ஆர்மோனியம் பொருந்தாது என முதியோர் கூறியது வெறும் பழமை விருப்பால் அன்று என்பதை இவ்வடிப்பு உணர்த்தும்.

ஆய்வாளன் ஒரு நரம்பை மீட்டி, தூய அலையை உடன் எழுப்பி, அடிப்பு மறையும்வரை படியெண்ணை மாற்றுவான். அடிப்பு மறைந்தவிடத்துப் படியெண்ணே நரம்பின் அளவு. அளவுகோலில் அயல் தொனி கலந்திருப்பின், அது நரம்பின் மேற்றொனிகளோடு தானும் அடிப்பை எழுப்பி ஆய்வாளனை ஏமாற்றும். தூய்மை வேண்டுவது இதன் பொருட்டே. பொன்னை உரைக்கும் கல்லிலே பொன் துகள் முன்னரே ஒட்டியிருத்தல் ஆகாது.

இளி 360ஐயும் 359.59ஐயும் இங்ஙனம் ஒருங்கு எழுப்பின், ஏறத்தாழ இரண்டரைச் செக்கனுக்கு ஒரு முறை அடிப்பு நிகழும். மீட்டிய நரம்பின் ஒலி அதற்குள்ளேயே பெரிதும் தேய்ந்துவிடும். ஆதலின் இவ்வேறுபாட்டைப் பழைய கருவிகளால் உறுதியாகக் காட்டுதல் எத்துணை அரிதென்பது விளங்கும். எண்ணிற் பிறந்த அலையோ தேய்வதில்லை. வேண்டுமளவும் நின்று ஒலிக்கும்.

கருவியின் எல்லை

எனினும் கருவிக்கு உரியதல்லாத புகழை அதற்கு ஏற்றுதல் தகாது. 22 அலகையும் 24 அலகையும் அது ஒருங்கே எழுப்பும். இளங்கோவடிகள் கருதியது எது என்பதை அது சொல்லாது. அது மூலபாடத்தாலும் உரையாலும் துணியப்பட வேண்டியது. ஓதுவார் ஒருவர் இன்று பாடும் கைக்கிளை 300ஐ அணுகுகின்றதா, 302.38ஐ அணுகுகின்றதா என்பதை மட்டும் அது காட்டும். அதுவும் ஒரு நிலையில் நிற்கும் சுரத்துக்கே. அசைந்தும் வளைந்தும் செல்லும் கமகத்துக்கு ஒற்றையெண் இல்லை.

தூய அலை இசையும் அன்று. மேற்றொனி அற்ற ஒலி நிறமற்ற நீர் போன்றது. யாழின் இனிமை அதன் நரம்பிலும், பத்தர்ப் போர்வையிலும், பாணன் விரலிலும் இருந்தது. அவற்றின் எண்களை எவரும் எழுதி வைத்திலர். ஆகவே நம் தொடக்க வினாவுக்கு விடை இவ்வாறாகும்: எண் எஞ்சியிருப்பின் சுருதி மீளும், ஒலியின் நிறம் மீளாது. அடிகளார் எண்ணோடு நில்லாது, யாழின் உறுப்புக்களைத் தனியே ஓரியலில் ஆராய்ந்து கருவிகளையும் அமைப்பித்தமைக்குக் காரணம் இதுவே எனலாம்.

நம்முன் உள்ள பணி

யாழ் நூலைப் போற்றுவார் பலர். அதன் கணக்கைச் செய்து பார்ப்பார் சிலர். போற்றி அலமாரியில் வைக்கப்பட்ட நூல், யாழைப் போலவே, பெயரளவில் வாழ்ந்து பொருளளவில் மறையும். அடிகளார் காலத்திலே பெரிய ஆய்வுகூடங்களுக்கே உரியதாயிருந்த நுட்பம் இன்று பாடசாலை ஆய்வுகூடத்து மேசைக்கு வந்துவிட்டது. மேலே தந்த கணக்குகள் யாவும் உயர்தர வகுப்பு மாணவன் தானே செய்யத்தக்கன. பௌதிகம் பயில்வோன் கருவியை அமைக்க, இசை பயில்வோன் செவி கொடுக்க, தமிழ் பயில்வோன் பாடத்தைத் தெளிவிக்க, மூவரும் ஒருங்கிருந்து செய்யும் பணி இது. கல்லடியிலே அடிகளார் பெயரால் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அழகியற் கற்கைகள் நிறுவகம் விளங்குவதும் இதற்கு வாய்ப்பாகும்.

அளக்க வேண்டுவன இவ்வாவிக் கரையிலேயே உள்ளன. வைகாசித் திங்களிற் கண்ணகியம்மன் கோயில்களிலே வழக்குரை பாடுவோர் குரல் இன்னும் ஒலிக்கின்றது. கூத்துக் களரியில் அண்ணாவியார் பாட்டு ஒலிக்கின்றது. ஓதுவாரின் பண் ஒலிக்கின்றது. அவற்றைப் பதிந்து, தூய அலையோடு ஒப்பிட்டு, சுரநிலைகளை எண்ணாக எழுதி வைத்தல் வேண்டும். வாவியின் ஒலிக்கும் இதுவே முறை. நீருள் இறக்கும் ஒலிவாங்கி எந்த மீடிறனை எவ்வளவு வாங்கும் என்பதை, அளவறிந்த தூய அலையை நீருள் எழுப்பி முன்னரே கண்டறிதல் வேண்டும். அன்றேல் கேட்ட ஒலி வாவிக்கு உரியதோ கருவிக்கு உரியதோ எனத் துணிதல் இயலாது. இயந்திரப் படகுகளின் இரைச்சலும் பாலத்து வண்டிகளின் அதிர்வும் மிகுந்துவரும் இந்நாளில், அப்பணி நெடுங்காலம் காத்திருக்கத்தக்கதன்று.

யாழை இழந்த காலத்தில் தமிழர்க்கு ஒலியைப் பதியும் கருவி இல்லை; ஆதலின் அவ்விழப்புக்கு எவரையும் குறை கூறுதற்கில்லை. நமக்கோ பதியும் கருவியும் உண்டு, அளக்கும் கோலும் உண்டு. இன்றுள்ள இசையையும் எண்ணையும் ஒலியையும் ஒருங்கே பின்வருவோர்க்கு விட்டுச்செல்வது, எண்ணை மட்டும் கொண்டு இத்துணை உழைத்த அடிகளாருக்கு நாம் செய்யும் நன்றியாகும்.